"நீங்க வக்கீலா?" என்று கேட்கிறவர்களுக்கு

வட்டாட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியர் அலுவலகத்திலோ நடக்கும் பட்டா விசாரணைக்கு நம் மக்களோடு துணைக்குப் போனவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். "நீங்க யாரு? வக்கீலா?" இல்லை என்று சொன்னால் அடுத்த வார்த்தை தயாராக இருக்கும். "அப்ப வெளிய நில்லுங்க."

பெரும்பாலானவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் எந்த அதிகாரி முன்பும் பிறருக்காக வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் படிக்கும் மாணவர்கள்கூட எங்களிடம் வாதிட்டிருக்கிறார்கள். எனவே கேள்வியை நேராகவே கேட்டுவிடுவோம். நிலம், மனை, குடியிருப்பு தொடர்பாக உள்ளூர் அதிகாரி நடத்தும் விசாரணையில், வழக்கறிஞர் அல்லாத ஒருவர் விண்ணப்பதாரருக்காகப் பேசலாமா?

பேசலாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. இன்று அது அதிகாரி மனது வைத்தால் கிடைக்கும் சலுகையாக இருக்கிறது. அதை உரிமையாக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

விசாரணை அறைக்குள் நடப்பது

வட மாவட்டம் ஒன்றில் நாங்கள் துணைக்குப் போன ஒரு விசாரணையைச் சொல்கிறோம். 1980-களில் அரசு ஒப்படை செய்த மூன்று சென்ட் வீட்டுமனை. அதில் குடியிருக்கும் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். கணவர் இல்லை. குடிசை ஒருமுறை தீப்பிடித்தபோது ஒப்படை ஆணையும் எரிந்துபோனது. பக்கத்து நிலத்துக்காரர் அந்த மனையைத் தன் சர்வே எண்ணோடு சேர்த்துப் பட்டா கேட்டு மனு போட்டிருந்தார். அவர் பக்கம் வக்கீல், வக்காலத்து, கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று. அம்மாவின் கையில் வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, ரேஷன் கார்டு. நாங்கள் கதவுக்கு வெளியே.

"டாக்குமெண்ட் எதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்கள். "எரிஞ்சிபோச்சிங்க ஐயா" என்றார் அம்மா. வாக்குமூலத்தில், "என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை" என்று எழுதப்பட்டது. கைநாட்டு வாங்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து வந்த ஆணையின் கடைசி வரி, நிலப் பிரச்சினையில் வேலை செய்யும் எல்லோருக்கும் மனப்பாடமான வரிதான். உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்.

நாங்கள் உள்ளே இருந்திருந்தால் பெரிய சட்ட வாதம் எதையும் வைத்திருக்க மாட்டோம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருப்போம். "ஆணை எரிந்துவிட்டது, ஆனால் ஒப்படைப் பதிவேடு அரசு அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும், அதை வரவழைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்." இதைச் சொல்லச் சட்டப் பட்டம் தேவையில்லை. எந்தப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பது தெரிந்தால் போதும். ஆவணம் இல்லை என்பதற்கும், ஆவணத்தின் அலுவலகப் பிரதியைப் பார்க்கக் கோருகிறேன் என்பதற்கும் உள்ள தூரம்தான் அந்த மூன்று சென்ட். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பதிவேட்டின் நகலை வாங்கினோம். மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. அரைமணி நேரத்தில் சரிசெய்திருக்கக்கூடிய ஒன்று ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

பட்டா, ஒப்படை, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் வரும் அறிவிப்பு, பி மெமோ, நத்தம் பிரச்சினை என்று எதை எடுத்தாலும் முதல் விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலம்தான் அடித்தளம். உயர்நீதிமன்றம் வரை போனாலும் அந்தத் தாளைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கே துணை இல்லாமல் நிற்கிறவர், வழக்கு தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29, 33 ஆகிய பிரிவுகள், சட்டத்தொழில் செய்யும் உரிமை பதிவு பெற்ற வழக்கறிஞர்களுக்கு மட்டுமே என்கின்றன. உரிமை இல்லாமல் தொழில் செய்தால் 45-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. "வெளிய நில்லுங்க" என்கிறவர்கள் இவற்றைத்தான் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 32-ஆம் பிரிவைக் காட்டுவதில்லை. வழக்கறிஞராகப் பதிவு செய்யாத எவரையும், ஒரு குறிப்பிட்ட வழக்கில் தன் முன் வந்து பேச, எந்த நீதிமன்றமும் எந்த அதிகார அமைப்பும் எந்த அதிகாரியும் அனுமதிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு.

1978-இல் ஹரிசங்கர் ரஸ்தோகி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தப் பிரச்சினையைத் தெளிவுபடுத்தினார். வழக்கறிஞர் அல்லாதவர் தானாக உள்ளே நுழைந்து வாதாட உரிமை கோர முடியாது. ஆனால் கட்சிக்காரர் கேட்டால், நீதிமன்றம் சூழ்நிலையைப் பார்த்து அனுமதி கொடுக்கலாம், தேவைப்பட்டால் திரும்பப் பெறலாம். ஆக, சட்டப்படி கதவு பூட்டப்படவில்லை. சாவி அதிகாரியின் கையில் இருக்கிறது. நம் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

யாருக்குக் கதவு திறந்தே இருக்கிறது

வக்கீல் மட்டுமே பேச வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால், அதையும் ஒரு நியாயமாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி இல்லை.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 432-ஆம் பிரிவுப்படி, ஒரு நிறுவனத்துக்காகத் தீர்ப்பாயத்தில் பட்டயக் கணக்காளர் வரலாம், நிறுவனச் செயலர் வரலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288-ஆம் பிரிவு, வரி செலுத்துபவரின் உறவினரும் ஊழியரும்கூட அவருக்காக அதிகாரி முன் ஆஜராக வழி செய்தது. இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 56-ஆம் பிரிவைப் படியுங்கள். மனைப்பிரிவு போட்டு விற்கும் நிறுவனம் தன் கணக்காளரையோ தன் அலுவலரையோ அனுப்பிப் பேச வைக்கலாம். நூறு ஏக்கரை மனை போட்டவருக்குக் கணக்காளர் பேசலாம். மூன்று சென்ட் வைத்திருப்பவருக்காகச் சமூகப் பணியாளர் பேசினால் மட்டும் சட்டத்தொழிலின் மாண்பு கெட்டுவிடுமா?

உழைப்பாளிகள் இந்தக் கதவைப் போராடித் திறந்தார்கள். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி பேசுவதை உரிமையாகவே வைத்திருந்தது. தீர்ப்பாயத்தில் வக்கீல் வர வேண்டுமானால்தான் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. காரணம் எளிமையானது. வக்கீல் வைக்கும் வசதி முதலாளிக்குத்தான் இருக்கும் என்று சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நுகர்வோர் மன்றங்களிலும் இதே சண்டை நடந்தது. 2011-இல் சி. வெங்கடாசலம் வழக்கில், வழக்கறிஞர் அல்லாத முகவர்கள் நுகர்வோருக்காக ஆஜராகலாம் என்று உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர்களை முறைப்படுத்த விதிகள் வேண்டும் என்றும் சொன்னது. 2014-இல் அந்த விதிமுறைகளும் வந்தன.

பெருநிறுவனம், வரி செலுத்துபவர், தொழிலாளி, நுகர்வோர். இவர்களுக்கெல்லாம் யோசித்த சட்டம், சேரியிலிருந்து வருவாய்த்துறை வாசலுக்கு வருகிறவரைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

ஊரும் சேரியும்

நகரமைப்புத் திட்டங்களில் நிலத்தை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். இது குடியிருப்பு, இது விவசாயம், இது தொழிற்சாலை என்று. தமிழ்நாட்டில் அதற்கானது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். ஆனால் நம் கிராமங்களை அதற்கு முன்பே சாதி மண்டலம் பிரித்துவிட்டது. ஊர் ஓரிடம், சேரி ஓரிடம். குளம் இவர்களுக்கு, சுடுகாடு அவர்களுக்கு வேறு. பின்னால் வந்த அளவைப் பதிவேடுகள் இந்தக் கோட்டின் மேல்தான் எண் போட்டன.

அந்தக் கோட்டை உடைக்கக் கிடைத்த ஆயுதமும் காகிதமாகத்தான் இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசாணை வந்தது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது நமக்குத் தெரியும். 1994-இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். தெருவில் ரத்தம் சிந்திக் கேட்ட அதே நிலத்தை, ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் பழைய பதிவேட்டின் நகலை வைத்து இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த நகலைப் படிக்கத் தெரிந்தவரை வெளியே நிறுத்துவது சின்ன விஷயமல்ல.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவமும் இங்கே பொருந்தும். லூயிவில் நகரம் வெள்ளையர் அதிகம் வாழும் தெருக்களில் கறுப்பர்கள் குடியேறக் கூடாது என்று மண்டல விதி போட்டது. 1917-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடனே மொழி மாறியது. மனை இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது, ஒரு மனையில் ஒரு குடும்ப வீடுதான் என்ற விதிகள் பெருகின. இனம் என்ற சொல்லே இல்லாமல் ஏழைக் கறுப்பர்களை வெளியே வைக்க அவை பயன்பட்டன. விலக்கு வேண்டுமானால் உள்ளூர் மண்டல வாரியத்தின் முன் போய்ப் பேச வேண்டும். அங்கே விண்ணப்பதாரருக்காக வக்கீல் அல்லாதவர் பேசலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

அதே நாட்டின் இன்னொரு தீர்ப்பிலிருந்து நாம் ஒரு கொள்கையை எடுத்துக்கொள்ளலாம். டென்னசி சிறையில், எழுதத் தெரிந்த கைதி மற்றக் கைதிகளுக்கு மனு எழுதித் தரக் கூடாது என்று தடை இருந்தது. 1969-இல் ஜான்சன் வழக்கில் உச்சநீதிமன்றம் கேட்ட கேள்வி இதுதான்: வேறு உதவிக்கு நீங்கள் ஏற்பாடு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இருக்கிற உதவியைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. நம் வருவாய் அலுவலகங்களின் முன்னும் இதே கேள்வியை வைப்போம்.

நம் கையில் இருக்கும் ஒரு பிரிவு

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவரப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15அ பிரிவின் 12-ஆவது உட்பிரிவு, வன்கொடுமைக்கு ஆளானவரும் அவரைச் சார்ந்தவர்களும் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள் அல்லது வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது அவர்களின் உரிமை என்கிறது. அனுமதி என்றோ சலுகை என்றோ சொல்லவில்லை. சமூகப் பணியாளரையும் வழக்கறிஞரையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது.

இதே சட்டத்தின் 3(1) பிரிவின் எஃப், ஜி உட்பிரிவுகள் நம் மக்களின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதையும், நிலத்திலிருந்து அவர்களை வெளியேற்றுவதையும் வன்கொடுமையாக வரையறுக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பறிக்கப்பட்ட ஒப்படை மனைக்காகப் புகார் கொடுத்த ஒருவர், அந்த நிலம் குறித்த விசாரணைக்கும் சமூகப் பணியாளரின் உதவியோடு வருவேன் என்று கேட்க வலுவான அடிப்படை இருக்கிறது. உதவி என்ற சொல்லுக்குள் அருகில் நின்று பேசுவதும் அடங்கும் என்பது எங்கள் வாதம். இதை எழுத்தில் வைத்துக் கேட்டுப் பழக வேண்டும். கேட்காத உரிமை காகிதத்திலேயே கிடக்கும்.

எதிர்ப்புகளுக்குப் பதில்

முதல் எதிர்ப்பு புரோக்கர்களைப் பற்றியது. கதவைத் திறந்தால் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர்கள் எல்லோரும் பிரதிநிதி ஆகிவிடுவார்கள் என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் புரோக்கர் என்றைக்குக் கதவு திறக்கக் காத்திருந்தார்? அவர் வேலை மேசைக்கு அடியில் நடக்கிறது. பெயரும் கையெழுத்தும் அதிகாரக் கடிதமும் கொடுத்து வெளிப்படையாக வந்து நிற்கிறவருக்குத்தான் இந்தக் கேள்வியெல்லாம் வருகிறது.

இரண்டாவது, அரைகுறை அறிவால் வழக்கே கெட்டுவிடும் என்பது. இது உண்மையிலேயே நடக்கக்கூடியது. மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டால் நல்லெண்ணம் காப்பாற்றாது. அதனால்தான் நிபந்தனைகள் வேண்டும் என்கிறோம். கூடவே இதையும் சொல்ல வேண்டும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள். அந்தச் சட்டத்தில் சட்ட உதவி என்பது நீதிமன்றத்தோடு முடிவதில்லை, பிற அதிகார அமைப்புகளின் முன் நடக்கும் நடவடிக்கைகளையும் சேர்த்துத்தான். கோட்டாட்சியர் விசாரணைக்கும் வக்கீல் கேட்டு மனு கொடுங்கள். கொடுத்தால் நல்லது. கொடுக்கவில்லை என்றால், வக்கீலும் தர மாட்டோம், துணையும் விட மாட்டோம் என்று ஒரே அரசு சொல்ல முடியாது.

மூன்றாவது எதிர்ப்பு நமக்குள்ளிருந்தே வருகிறது. அதை நாங்கள் மதிக்கிறோம். நம் சமூகத்திலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் படித்துக் கறுப்புக் கோட்டு போட்டிருக்கும் இளம் வழக்கறிஞர்கள், சீனியர் கிடைக்காமல், கட்சிக்காரர் வராமல் தாலுகா நீதிமன்றங்களில் நின்றுகொண்டிருக்கிறார்கள். நாம் இலவசமாகப் போய் நின்றால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும்? எங்கள் அனுபவத்தில், முதல் விசாரணைக்கு யாரும் துணை போகாத குடும்பம் வக்கீலிடம் போவதே இல்லை. மனம் உடைந்து நிலத்தை விட்டுவிடுகிறது. வாக்குமூலம் சரியாக எழுதப்பட்ட, நகல்கள் கையில் இருக்கும் குடும்பம்தான் மேல்முறையீட்டுக்குத் துணிகிறது. அந்த வழக்குகளை நம் தோழர்களுக்கு அனுப்புவதை இயக்கங்கள் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். கட்டணத்துக்குப் பொது நிதி திரட்ட வேண்டும். சமூகப் பணியாளரும் தலித் வழக்கறிஞரும் போட்டியாளர்கள் அல்ல.

நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய விதிகள்

உள்ளே போகும் உரிமையைக் கேட்கும் நாம் சிலவற்றைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் இல்லாமல் போகக் கூடாது. வழக்கறிஞர்கள் சட்டம் 32-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, இந்த விசாரணைக்கு மட்டும் அனுமதி கோரும் ஒரு பக்க மனுவை முன்கூட்டியே கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும்.

2. விண்ணப்பதாரரிடம் பணம் வாங்கக் கூடாது. நகல் கட்டணம்கூட அவர் கையால் கட்டப்பட்டு ரசீது அவரிடமே இருக்க வேண்டும். வக்கீல் என்றோ அட்வகேட் என்றோ யாரும் நினைக்கும்படி நடந்துகொள்ளக் கூடாது.

3. விண்ணப்பதாரர் இல்லாமல் விசாரணைக்குப் போகக் கூடாது. வாக்குமூலத்தை முழுவதும் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து அல்லது கைநாட்டு.

4. 'அ' பதிவேடு, சிட்டா, புல வரைபடம், ஒப்படைப் பதிவேடு ஆகியவற்றின் நகல்களை விசாரணைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆணை கைக்கு வந்த தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.

5. உரிமை மூலம் பற்றிய சிக்கல், உரிமையியல் வழக்கு, குற்ற வழக்கு என்று போகும் இடத்தில் உடனே வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நம் எல்லை தெரியாமல் நின்றால் நஷ்டம் நமக்கல்ல, அந்தக் குடும்பத்துக்கு.

அரசிடம் நாங்கள் கேட்பது ஓர் அரசாணை. நிலம், மனை தொடர்பான எல்லா வருவாய் விசாரணைகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களும், முதியோரும், தனித்து வாழும் பெண்களும், மாற்றுத்திறனாளிகளும் தாங்கள் விரும்பும் ஒருவரைத் துணையாக அழைத்து வரலாம், அவர் பேசலாம் என்று அது சொல்ல வேண்டும். மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விசாரணை அறிவிப்பிலேயே இந்த உரிமை தமிழில் அச்சிடப்பட வேண்டும்.

யாருடைய குரல்

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன அம்பேத்கர், தீண்டப்படாதோரைத் தீண்டப்படாதோரே பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்று வாதிட்டார். வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்ததன் பொருளும் அதுவே. நமக்காக வேறு யாரோ பேசுவதை ஏற்காத அரசியல் நம்முடையது. அப்படியானால் ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்காக முதுகலை படித்த நாம் பேசுவது மட்டும் எப்படிச் சரி?

அவர் பேசுவதற்கு இடம் கிடைக்கும் வரை, அவர் சொன்னது சொன்னபடி எழுதப்படும் வரை மட்டுமே அது சரி. ஒரு கிராமத்தில் முதல் விசாரணைக்கு நாம் போகலாம். இரண்டாவது விசாரணைக்கு அந்தத் தெருவிலேயே பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போக வேண்டும். சிட்டா எது, அடங்கல் எது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை அவர் அதற்குள் கற்றிருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்தும் எல்லா விசாரணைக்கும் நம்மையே கூப்பிட வேண்டியிருந்தால், நாமும் இன்னொரு வகைப் புரோக்கர் ஆகிவிட்டோம் என்று பொருள்.

சட்டக் கல்லூரியிலும் சமூகப்பணித் துறையிலும் படிக்கும் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு ஒப்படை ஆணை இருக்கிறது, எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். காணாமல் போனவற்றுக்கு நகல் கேட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுங்கள். விசாரணைக்கு அழைப்பு வந்தால் 32-ஆம் பிரிவு மனுவோடு அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். மறுத்தால் எழுதிக் கேளுங்கள்.

ஜெய்பீம்.